டிவி மேல் ஒரு பாத்திக் கைலி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னே இருக்கும். எஸ்டேட் மண்டபத்தின் ஜன்னல்களில் சாக்கு தொங்குகிறது. உள்ளே தரையில் முப்பது பெண்களுக்குக் குறையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருடைய கண்ணும் டிவி மேல். டிவி மேல் ஒரு பாத்திக் கைலி.

ஆமாம், கட்டிக்கொள்ளும் கைலிதான். பழுப்பு நிறத்தில் பெரிய பெரிய பூ போட்டது. திரை முழுவதையும் மூடிக்கொண்டு தொங்கியது. பின்னால் வெளிச்சம் மாறி மாறி அடித்தது. டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்திருந்தார்கள்.

பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து ருக்குமணி அக்கா பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள தூங்குது. இவ பக்கத்துல வந்து தலையத் தடவுறா. மாமியாக்காரி கையெடுத்துக் கும்பிடுறா. அவளுக்குப் புடிச்சதையெல்லாம் எலையில வச்சிருக்காங்க. பாத்தா. போதும்னு சொல்றா. போறா."

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். பூப்போட்ட துணி ஒன்றைப் பார்த்து முப்பது பேர் அழுததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

நான் வாசலில் நின்றிருந்தேன். கக்கத்தில் குறிப்பேடு. இந்தப் பெண்கள் ஒரு பேய்ப் படத்தின் முடிவை ஏன் எல்லாரும் சேர்ந்து தப்பாகவே ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று அதில் முப்பத்திரண்டு பக்கம் எழுதியிருந்தேன். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம். அந்த நிமிடமே அது செத்துப் போனது.

பேய் படித்தேன் அம்மா

பல்கலைக்கழக விடுதிச் சோற்றைப் பற்றி நான் சென்ற வாரம் புலம்பியதைப் படித்துவிட்டு, "அதெல்லாம் சரி, நீங்கள் படித்தது என்ன?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பேய் படித்தேன் அம்மா. பொய்யில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. கடைசி ஆண்டில் எல்லாரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். கூடப் படித்தவர்கள் நாளிதழ், வானொலி, விளம்பரம் என்று யோக்கியமான தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். நான் பயமுறுத்தும் படங்களை எடுத்தேன். அதிலும் வெள்ளைக்காரப் படங்கள் வேண்டாம், நம் பக்கத்து மக்கள் பார்க்கும் மலாய், இந்தோனேசிய, சீன, தமிழ்ப் பேய்ப் படங்கள் என்று முடிவு செய்தேன்.

காரணம் பெரிய கொள்கை ஒன்றுமில்லை. நூலகத்தில் கிடைத்த புத்தகங்கள் எல்லாம் ஒரே மாதிரி பேசின. குளிர்காலம், பெரிய மாளிகை, சவப்பெட்டி, மனோதத்துவம். எனக்குத் தெரிந்த பேய்கள் ஒன்றுக்கும் கம்பளிக் கோட்டு கிடையாது.

வழிகாட்டி டாக்டர் ரஷீத் நல்ல மனிதர். தன் சொந்தப் புத்தகங்களையே எனக்கு இரவல் கொடுத்தார். "பார்வையாளர்களிடம் போ. படத்தின் கதையைச் சொல்லச் சொல். அவர்கள் எதை விடுகிறார்கள், எதை மாற்றுகிறார்கள் என்று பார். அங்கேதான் பயம் ஒளிந்திருக்கும்" என்றார். இப்போது யோசித்தாலும் அது நல்ல யோசனைதான். அதைக் கொண்டுபோய்க் குட்டிச்சுவராக்கியது நான்.

வீட்டில் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். நாங்கள் அப்போது புக்கிட் பெலிம்பிங்கில் இருந்தோம். அப்பாவுக்கு லோரி ஓட்டும் வேலை. "அக்கம்பக்கத்துல கேட்டா என்னான்னு சொல்றது? எம்மவ பேய்க்குப் படிக்கிறான்னா?" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அப்பா மட்டும், "பாஸ் பண்ணா வேல கெடைக்கும்ல, படிக்கட்டும் லா" என்று சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

தொரை பங்களா வரைக்கும்

சபாக் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஓர் எஸ்டேட்டைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். பாதி ரப்பர், அதாவது கித்தா மரம், பாதி செம்பனை. விடுமுறையில் தினமும் பஸ் ஏறிப் போய், வேலை முடிந்து வரும் பெண்களை அவர்கள் குடியிருக்கும் லயத்தில் பிடித்துக் கேள்வி கேட்பேன். "யுனிவர்சிட்டி பொண்ணு வந்திருச்சி" என்று ஆளுக்கொரு கோப்பை தேத்தண்ணி கொடுப்பார்கள். அந்த ஒரு மாதத்தில் நான் குடித்த சீனிக்கு இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

அவர்களிடம் கற்றுக்கொண்டதுபோல் எந்தப் புத்தகத்திலும் கற்றதில்லை. ஒவ்வொரு பேய்க்கும் ஓர் எல்லை வைத்திருந்தார்கள். மலாய்ப் பேய் கம்பத்து மலாய்க்காரர்களின் மந்திரத்துக்குத்தான் கட்டுப்படும், நம் வேப்பிலையை மதிக்காது. சீனப் பேய்க்கு மஞ்சள் காகிதம். தமிழ்ப் பேய் புளியமரம் கிடைக்காவிட்டால் ரப்பர் மரத்தில் ஏறி அனுசரித்துக்கொள்ளும்.

ரத்தம் குடிக்கும் வெள்ளைக்காரப் பேய்ப் படம் ஒன்றைப் பற்றிக் கேட்டபோது ஒருத்தி கையை விசிறினாள். "அதுக்கு யாரு பயப்படுறது? அந்தப் பேயி தொரை பங்களா வரைக்குந்தான் வரும். லயத்துக்கு எங்க வரப்போவுது?"

நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டேன். டாக்டர் ரஷீத்தும் சிரித்தார். அந்த வரி என் ஆய்வேட்டில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். புத்தகங்களில் பேய் வந்தால் கேள்வி, அது என்ன செய்யப்போகிறது என்பதுதான். இந்தப் பெண்கள் அப்படிக் கேட்கவில்லை. கதை சொல்லும்போது ஒவ்வொருத்தியும், "அது யாரைத் தேடுது தெரியுமா?" என்றுதான் ஆரம்பித்தாள். இதையும் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டேனே தவிர, மண்டைக்குள் ஏறவில்லை.

வெயிலில் வந்த பேய்

அந்த எஸ்டேட்டில் பேய்ப் படம் பகலில்தான் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. கக்கூஸ் லயத்துக் கடைசியில் இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு படம் பார்த்தால் அவ்வளவு தூரம் யார் தனியாகப் போவது? சாப்பிட்டுவிட்டு வந்து பயந்தால், விளக்கு வைப்பதற்குள் தெளிந்துவிடும். காதல் படம், சண்டைப் படம் எல்லாம் சனிக்கிழமை சாயங்காலம். பேய்க்கு மட்டும் வெயில் நேரம்.

படம் முடிந்ததும் யாராவது ஒருத்தி கொஞ்சம் உப்பும் மிளகாயும் எடுத்து டிவியை மூன்று சுற்று சுற்றிக் கொண்டுபோய் அடுப்பில் போடுவாள். டிவிக்குத்தான் கண்ணேறு. ஜெனரேட்டர் நாலரைக்கு நிற்கும். அத்தோடு எல்லாரும் துணி எடுக்கவும் அரிசி கழுவவும் கலைந்துவிடுவார்கள்.

இதையெல்லாம் அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுத் தூங்கினேன்.

இருபத்தாறு பேர், ஒரே முடிவு

எல்லாருக்கும் தெரிந்த ஒரு படம் வேண்டும் என்று ஓர் இந்தோனேசியப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்த எஸ்டேட்டில் வருடத்துக்கு மூன்று தடவையாவது அதைக் கேட்டு வாங்கிப் போடுவார்களாம். மாமியார் மருமகளைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிடுகிறாள். செத்தவள் பேயாகித் தன் பிள்ளையைத் தேடி வருகிறாள். கதை அவ்வளவுதான்.

நான் சுங்கை பெசாரில் இருந்த வீடியோ கடைக்குப் போய், கடைக்காரரிடம் கெஞ்சி, கல்லாவுக்குப் பக்கத்துச் சின்ன டிவியில் அந்தப் படத்தை முழுக்கப் பார்த்தேன். முடிவில் ஊர்க்காரர்கள் அவளை ஒரு குடிசைக்குள் விரட்டிக் குடிசையோடு கொளுத்துகிறார்கள். பிள்ளையை அவள் பார்க்கவே இல்லை. படம் முடிந்தது.

இருபத்தாறு பெண்களைக் கேட்டேன். இருபத்தாறு பேரும், அவள் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனாள் என்றார்கள். நெருப்பு என்ற வார்த்தையே ஒருத்தி வாயிலிருந்தும் வரவில்லை. அவளுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் படைத்தார்கள் என்றார்கள். என்ன வைத்தார்கள் என்று கேட்டால்தான் பதில் மாறியது. ஒருத்தி கோழிக் கறி என்றாள். இன்னொருத்தி இடியப்பம். ஒரு கிழவி, கள்ளு என்றே சொல்லிவிட்டாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூட்டமாக மறந்திருக்கிறார்கள்! தாங்க முடியாத முடிவை மனசு அழித்துவிட்டு வேறொன்றை எழுதிக்கொண்டது என்று அத்தியாயத்தைத் தொடங்கினேன். டாக்டர் ரஷீத் வரைவைப் படித்துவிட்டு, "பாகுஸ், விமலா" என்று மலாயில் பாராட்டினார். அவர் வாயால் அப்படி வருவது அபூர்வம். மேற்படிப்பு உதவித்தொகைக்குப் பரிந்துரைக்கிறேன் என்றும் சொன்னார்.

இருபத்தொன்றாவது ஆள்

இப்போது நான் சொல்ல வெட்கப்படும் இடத்துக்கு வருகிறேன்.

பாஞ்சாலை அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கித்தா மரத்தில் பால் வெட்டும் வேலை. ஆறு வயது மாலாவை அவர்தான் வளர்த்தார். மாலா அவருடைய செத்துப்போன தங்கையின் மகள் என்று மட்டும் தெரியும். எப்படிச் செத்தாள் என்று நான் கேட்கவில்லை. என் கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இல்லை.

வேலை விட்டு வந்து கை கால் கழுவியும் கித்தா வாடை போகாத அந்தச் சின்ன அடுப்படியில் உட்கார்ந்து அவர் கதையைச் சொன்னார். பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனாளாம். படையலில் டின் மீன் சம்பல் வைத்தார்களாம்.

அவர் இருபத்தொன்றாவது ஆள். எனக்கு அலுத்துவிட்டது. டின் மீன் வேறு சிரிப்பை மூட்டியது. படித்த திமிரும் சேர்ந்துகொண்டது.

"இல்லக்கா. நான் படத்தப் பாத்தேன். அவள குடிசையோட கொளுத்துறாங்க. நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

அவர் என்னையே பார்த்தார்.

"கொளுத்துறாங்களா?"

"ஆமாக்கா."

"அவ என்னா செஞ்சா?"

"யாருக்கா?"

"அந்தப் பொண்ணு. நெருப்பு புடிச்சப்ப அவ என்னா செஞ்சா?"

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். பேய் அழிக்கப்பட்டது என்று எழுதியிருந்தேன். "அழிஞ்சிருச்சிக்கா" என்றேன்.

"தேத்தண்ணி ஆறிடும், குடிம்மா" என்றார். நான் குடித்தேன். வெளியே வந்து, 'பார்வையாளர் 21: திருத்திச் சொன்ன பிறகும் ஏற்கவில்லை' என்று எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

குழாயடியில்

மூன்று வாரம் கழித்து, மண்டபத்தைப் பற்றி இரண்டு வரி வர்ணனை தேவைப்பட்டதால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். நான் தொடக்கத்தில் சொன்ன காட்சியைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஓடியது அதே இந்தோனேசியப் படம் இல்லை. ஆனாலும் கைலி விழுந்தது. ருக்குமணி அக்கா சொன்ன முடிவும் ஏறக்குறைய அதே முடிவுதான்.

எல்லாரும் கலைந்த பிறகு ருக்குமணி அக்காவைக் குழாயடியில் பிடித்தேன். முப்பது வயதிருக்கும். சுங்கை பெசாரில் ஒரு மலாய்த் தலைமையாசிரியர் வீட்டில் ஆறு வருடம் வேலை செய்தவர். அந்த வீட்டம்மாவோடு உட்கார்ந்து நாடகம் பார்த்துப் பார்த்து மலாய் நன்றாக வரும். மற்றவர்களுக்குத் தெரிந்தது கடையில் சாமான் வாங்கும் அளவுக்கான மலாய். படத்தின் பேச்சு ஓட்டத்துக்கு அது போதாது. அதனால் ருக்குமணி அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்து தமிழில் சொல்வார். சீனப் படத்துக்கும் சொல்வார். சீனம் அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் சீனப் படங்களுக்குத்தான் கதை ரொம்ப நன்றாக இருக்கும் என்று பெண்கள் பேசிக்கொள்வார்களாம்.

இதை ஏன் என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை. அவர்களுக்கு ருக்குமணி சொல்வதுதான் படம்.

"கைலி எதுக்குக்கா?"

"சின்னப் புள்ளைங்க இருக்குதுல்ல. மாலாவுக்காகத்தான்."

"மாலா பாதிப் படத்துலயே தூங்கிடுச்சேக்கா."

ருக்குமணி அக்கா கைலியை உதறி மடித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"நீ எழுதக்கூடாது."

"எழுதமாட்டேன்க்கா."

"பாஞ்சாலையோட தங்கச்சி வள்ளி நெருப்புலதான் போனா. மண்ணெண்ண அடுப்பு. நைலான் பொடவ. பாஞ்சாலைதான் ஓடிப்போயி அணைச்சா. கையில தழும்பு இருக்கும், நீ பாத்திருப்ப. வள்ளி மூணு நாளு ஆஸ்பத்திரியில கெடந்து போயிட்டா. அப்புறம் ஒரு ஆறு மாசம் இருக்கும். இந்தப் படத்த மொத தடவ எடுத்தோம். நான் எப்பயும் கடையில ஒருக்கா போட்டுப் பாத்துட்டுத்தான் எடுத்தாருவேன். பாத்தா, கடைசியில நெருப்பு. பாஞ்சாலைய வராதன்னு சொல்ல முடியுமா? ஞாயித்துக்கெழம இது ஒண்ணுதான் அவளுக்கு. கைலிய எடுத்துக்கிட்டுப் போனேன்."

"ஆனா எல்லாப் படத்துக்கும் போடுறீங்களே?"

"அதுக்கு மட்டும் போட்டா அவளுக்குத் தெரிஞ்சிடும்ல? அதான் பேய்ப் படம்னா எல்லாத்துக்கும். நாலு வருசம் ஆவப்போவுது. மாலாவுக்காகன்னு சொல்லிக்கிட்டோம். எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டுந்தான் தெரியாது."

ஒரு பெண்ணிடமிருந்து ஒரு நெருப்பை மறைக்க, நான்கு வருடம் ஒரு எஸ்டேட்டே எல்லாப் பேய்களின் முடிவையும் விட்டுக்கொடுத்திருக்கிறது. டின் மீன் சம்பல் யாருக்குப் பிடித்தது என்று அப்போது புரிந்தது.

"அக்கா, நான் சொல்லிட்டேன்."

"என்னா சொன்ன?"

"பாஞ்சாலை அக்காகிட்ட. கொளுத்துறாங்கன்னு."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கைலியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

"எப்ப?"

"மூணு வாரம் ஆச்சி."

"அதான். இந்த மூணு வாரமா அவ படத்தப் பாக்கல. என் மடியில இருக்கிற கைலியத்தான் பாத்துக்கிட்டு இருக்கா."

"நான் போயி, தப்பா சொல்லிட்டேன், வேற படம்னு சொல்லிடவாக்கா?"

"வேணாம் லா. இருக்கிற கத போதும்."

"போடாத ருக்கு"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு மணிக்கே போய்விட்டேன். எதற்கு என்று தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை.

பாஞ்சாலை அக்கா கடைசியாக வந்தார். கையில் ஒரு வீடியோ கேசட். தானே பஸ் ஏறி சுங்கை பெசாருக்குப் போய் எடுத்து வந்திருந்தார். அதே இந்தோனேசியப் படம். ருக்குமணி அக்காவிடம் நீட்டினார். மாலாவையும் மற்றப் பிள்ளைகளையும் ஒரு பெரிய பெண்ணோடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையின் ஊஞ்சலுக்கு அனுப்பி வைத்தார். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

படம் ஓடியது. ருக்குமணி அக்காவின் குரல் அடிக்கடி தடுக்கியது. சிரிக்க வேண்டிய இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. குடிசை வந்தது. ருக்குமணி அக்கா கைலியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"போடாத ருக்கு."

"பாஞ்சால..."

"மாலா இங்க இல்லையே. எனக்காகத்தானே போட்ட இத்தன நாளா? போதும். நான் பாக்கணும்."

ருக்குமணி அக்கா கைலியோடு அப்படியே நின்றார். திரையில் தீப்பந்தங்கள் வந்தன. குடிசை பற்றிக்கொண்டது. நடுவில் வெள்ளை உடையில் ஓர் உருவம் நின்றபடியே எரிந்தது. சுங்கை பெசார் கடையில் குறிப்பெடுக்கும் அவசரத்தில் நான் சரியாகப் பார்க்காததை இப்போது பார்த்தேன். அது ஒரு பொம்மை. வைக்கோல் பொம்மைக்கு வெள்ளைத் துணி சுற்றி, தலையில் சவுரி வைத்திருந்தார்கள். ஒரு கை கழன்று தொங்கியது.

பின்னால் யாரோ தாங்க முடியாமல் லேசாகச் சிரித்தாள். பாஞ்சாலை அக்காவும் சிரித்தார்.

"பொம்ம" என்றார். "பொம்மையப் போயி கொளுத்தியிருக்கானுங்க."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. ருக்குமணி அக்கா கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்கூட, போகட்டும், தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"பொம்மதான் இப்பிடி நிக்கும்" என்றார் பாஞ்சாலை அக்கா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வள்ளி நிக்கல. ஓடியாந்தா. பின்வாசல்ல நான் நின்னேன். என்கிட்ட ஓடியாந்தா. வந்து என் கையப் புடிச்சா."

அவர் தழும்புள்ள கையைத் திருப்பிக் காட்டினார்.

"நீங்கள்லாம் நான் அணைக்கப் போனேன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க. இந்தத் தழும்பப் பாத்துட்டு. நான் போவல. அவதான் புடிச்சா. நான் ஒதறுனேன். ஒதறிட்டு வெலகிட்டேன். அப்புறந்தான் நீங்க சாக்கத் தூக்கிக்கிட்டு வந்தீங்க."

ருக்குமணி அக்கா வந்து தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தப் பேய்க்கும், தெரியாத பாஷைக்கும் வார்த்தை வைத்திருந்தவர். இப்போது தட்டுத் தடுமாறித்தான் சொன்னார்.

"யாரா இருந்தாலும் ஒதறுவாங்க பாஞ்சால. ஒடம்பு தானா ஒதறும்."

"தெரியும். ஆனா அவ என்னத் தேடித்தானே வந்தா."

ஒருத்தி வந்து பாஞ்சாலை அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி முதுகைத் தடவினாள். ஜெனரேட்டர் நின்று மண்டபம் இருட்டானது. யாரோ ஜன்னல் சாக்கை விலக்கினார்கள். அன்றைக்கு உப்பு மிளகாய் சுற்ற யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். அழ எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தே அழுதேன்.

ஆதாரம் போதாது

முப்பத்திரண்டு பக்கத்தையும் கிழித்தேன். கைலியைப் பற்றியும் முக்காலியைப் பற்றியும் புதிதாக ஓர் அத்தியாயம் எழுதினேன். இங்கே படம் திரையில் முடிவதில்லை, பார்ப்பவர்கள்தான் முடித்து வைக்கிறார்கள் என்று எழுதினேன். டாக்டர் ரஷீத்துக்கு ஆர்வம் பொங்கியது. "ஏன் மூடுகிறார்கள்?" என்று கேட்டார்.

"பிள்ளைகளுக்காக" என்றேன்.

"அவ்வளவுதானா? காதல் படத்துக்கு மூடுவதில்லையே. சண்டைப் படத்தில் வெட்டு குத்து இல்லையா? வேறு காரணம் இருக்க வேண்டும். அதுதான் உன் ஆய்வே."

அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. நான் வாயைத் திறக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் 'ஆதாரம் போதாது' என்று எழுதினார். சுமாரான மதிப்பெண் வந்தது. உதவித்தொகை இன்னொருவருக்குப் போனது. நான் சபாக்கில் ஒரு பள்ளியில் ஆசிரியை ஆனேன். வருத்தம் இல்லையா என்று கேட்டால், உண்டு. ரொம்ப நாள் இருந்தது. அந்தக் காரணத்தை ஒரே ஒரு வரியில் எழுதியிருந்தால் போதும் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை என்பதில் மட்டும் வருத்தம் இல்லை.

போன மாதம்

இந்தத் தொடர் எண்பதுகளுக்கு வந்துவிட்டது. இதை விட்டுவிட்டு விடுதிச் சோற்றைப் பற்றி மட்டும் எழுதுவது பொய். ருக்குமணி அக்கா இப்போது இல்லை. பாஞ்சாலை அக்கா ராவாங்கில் மாலாவோடு இருக்கிறார். மாலாவுக்கே இப்போது கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். போன மாதம் போன் போட்டேன்.

"யாரு, யுனிவர்சிட்டி பொண்ணா? பசியாறிட்டியாம்மா?"

விஷயத்தைச் சொன்னேன். பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். ஊரை மாற்றிவிடுகிறேன் என்றேன். கடைசிப் பகுதி வேண்டாமென்றால், அணைக்க ஓடினீர்கள் என்றே விட்டுவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொன்னேன்.

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"மாலாவுக்குத் தெரியுமாக்கா?"

"அவ கல்யாணத்துக்கு மொத நாளே சொல்லிட்டேன். உங்கம்மா கைய ஒதறுனவ நான், ஒன்ன வுட்டுறக்கூடாதுன்னுதான் புடிச்சிக்கிட்டு இருந்தேன்னு. கட்டிப் புடிச்சி அழுதா." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். "பேர மாத்திக்க. ஊரக்கூட மாத்திக்க. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஒதறுனேன்னே எழுது. ருக்கு மாதிரி நீயும் வேற முடிவு வச்சிடாத."

பெயர்களை மாற்றியிருக்கிறேன். முடிவை மாற்றவில்லை.